ஈடேற்றத்துக்கு எவ்வளவு அறிவு வேண்டும்?



கலிமாவை நாவால் மொழிந்து, உள்ளத்தால் ஏற்று, ஐவேளைத் தொழுகையையும் விடாது தொழுது வரும் மூத்தம்மா ஒருவரிடம், அல்லாஹ் ஒருவன் என்பதற்கு ஆதாரம் யாது எனக் கேட்டால், அவர் மௌனமாகிவிடக்கூடும். அம்மௌனத்தினால் அவரது ஈமான் செல்லாததாகிவிடுமா?

இக்கேள்வி புதியதன்று. ஆதாரம் அறியாது பிறரைப் பின்பற்றி விசுவாசம் கொண்டவரை அகீதா நூல்கள் ‘முகல்லித்’ என அழைக்கின்றன. அவரது ஈமான் ஏற்கப்படாது எனக் கூறிய கலாம் அறிஞர் சிலரும் முன்னர் இருந்தனர். ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்னும் நூலில் இக்கருத்தை வன்மையாகக் கண்டித்தார்கள். அல்லாஹ்வின் விசாலமான அருளைச் சுருக்கி, சுவர்க்கத்தைச் சிறு கூட்டத்தார்க்கு மட்டும் உரியதாக்குவது தகாது என்பதே அவர்களது வாதம்.

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையும் இதற்குச் சான்றாகும். பனூ ஸஃத் கோத்திரத்தைச் சேர்ந்த ழிமாம் இப்னு ஸஃலபா (ரழி) மதீனாப் பள்ளிவாசலுக்கு வந்து, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அல்லாஹ்தான் உங்களை அனுப்பினானா என ஆணையிட்டுக் கேட்டார். ஆம் என்ற பதிலைப் பெற்றுத் தமது விசுவாசத்தை வெளியிட்டார். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தில், தர்க்க ஆதாரம் எதுவும் அவரிடம் கோரப்படவில்லை.

அவ்வாறாயின் அறிவே தேவையில்லையா? அப்படியன்று. வணக்கத்துக்குரியவன் அல்லாஹ்வையன்றி எவருமில்லை என ‘அறிந்தவராக’ மரணிப்பவர் சுவர்க்கம் புகுவார் என, உஸ்மான் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இங்கு அறிவு என்பது உள்ளத்தின் ஐயமற்ற உறுதியாகும். மறுபுறம், பிர்அவ்னின் கூட்டத்தார் உள்ளூர உறுதி கொண்டிருந்தும் அநியாயத்தாலும் பெருமையாலும் மறுத்ததை அல்குர்ஆன் (27:14) எடுத்துரைக்கிறது. பணிவில்லாத அறிவு அவர்களைக் காப்பாற்றவில்லை.

எனவே அஷ்அரி மரபின் உலமாக்களிற் பெரும்பாலோர், முகல்லிதின் ஈமான் செல்லும் என்றனர். ஆயினும், சிந்தித்தறியும் ஆற்றலிருந்தும் அதனைப் புறக்கணித்தவர் பாவியாவார் என்றும் எச்சரித்தனர். சக்திக்கு மீறி எவரையும் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை (2:286). எழுத்தறியாதவர் தமது சக்திக்குட்பட்டதைப் பற்றியே விசாரிக்கப்படுவார். பாடசாலையும் மத்ரஸாவும் நூல்களும் வானொலியும் வாய்க்கப்பெற்ற நாம், நமது சக்திக்கேற்ப விசாரிக்கப்படுவோம்.

ஆகவே, பிறரது எளிய ஈமானை அளந்து பார்ப்பதை விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளை கலிமாவின் பொருளைக் கேட்கும்போது விளக்கிச் சொல்லுமளவுக்கேனும் கற்றுக்கொள்ளுங்கள்.

உறுதியான ஈமானையும் பயன்தரும் அறிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.