ஐயமும் விசுவாசமும்: நோய் தீர்க்கும் அற்புதம் பற்றிய ஓர் ஆய்வு

திருப்பூர், பல்லடம், அவிநாசி ஆகிய ஊர்களில் பின்னலாடைத் தொழிலை நாடிக் குடியேறியோர் பலர். அவருள் கிறித்துவரும் உளர். வேலை முடிந்த இரவு வேளைகளிற் கூடும் செபக் கூட்டங்களில் ‘சாட்சி’ என்னும் சொல் அடிக்கடி செவிப்படும். நோய் நீங்கப் பெற்றவன் எழுந்து நின்று தான் பெற்ற பேற்றை உரைப்பதே சாட்சி. நீங்கப் பெறாதவனுக்கு அங்கு உரைப்பதற்கு ஒன்றுமில்லை. ‘உனக்கு விசுவாசம் போதவில்லை’ என்று பிறர் உரைப்பதைக் கேட்பதே சிலவிடத்து அவன் பெறுவது. பஞ்சுத் தூசியால் மூச்சிளைக்கும் தொழிலாளி ஒருவன் இதனைக் கேட்பின், தன் நோய்க்குத் தன் நெஞ்சே காரணம் என்று கொள்வான். மருந்தை நிறுத்துதலே விசுவாசத்தின் அடையாளம் என்று துணியவும் கூடும். ஆகவே, ஐயம் விசுவாசத்திற்குப் பகைதானா என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று.

முதற்கண் சொற்களை நோக்குவோம். ‘விசுவாசம்’ வடசொல். கிறித்துவத் தமிழில் அது நெடுங்காலம் வழங்கிவந்தது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அதன் இடத்தில் ‘நம்பிக்கை’ என்னும் தமிழ்ச் சொல்லை ஆண்டது. இச்சொல்லின் பகுதியாகிய ‘நம்பு’ என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை என்பதாகும், அஃதாவது விருப்பம். பிற்காலத்தே அது உறுதிப்பாட்டினைக் குறிக்கலாயிற்று. நோயுற்றான் ஒருவன் ‘குணமாவேன் என நம்புகிறேன்’ எனும்போது அவன் வாயில் விருப்பம் எவ்வளவு, உறுதி எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று. பழம்பொருள் இன்னும் முற்றும் மறையவில்லை போலும்.

ஐயத்தைத் தொல்காப்பியர் குற்றமெனக் கொள்ளவில்லை. தொலைவில் தோன்றும் உரு ஆணோ பெண்ணோ என்று ஐயுறுமிடத்துப் பன்மையாற் கூறுக என்று கிளவியாக்கத்தில் விதி வகுக்கின்றார். அறியாததை அறிந்ததுபோலக் கூறாமைக்கு இலக்கணமே ஒரு வாய்பாடு தந்துள்ளது. ஐயம் என்பதற்கு இரப்போர்க்கு இடும் பிச்சை என்னும் பொருளும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்துக் காண்பது சொற்பிறப்பியல் ஆகாது; எனினும், மாற்கு நற்செய்தியின் ஒன்பதாம் இயலைப் படிப்பார்க்கு அந்நினைவு வாராதிராது.

அவ்வியலில், சிறுபருவம் முதலாக வலிப்புற்று நெருப்பிலும் நீரிலும் விழும் மகனைத் தந்தையொருவன் கொணர்கின்றான். சீடர்களால் நோய் நீக்க இயலவில்லை. இயேசுவினிடம் அவன் வேண்டுவதும் ‘உம்மால் இயலுமாயின்’ என்னும் ஐயத்தோடு கூடியதே. நம்புவார்க்கு எல்லாம் கைகூடும் என்று விடை வருகின்றது. அப்போது அத்தந்தை தான் நம்புவதையும் தன் நம்பாமைக்கு உதவி வேண்டுவதையும் ஒரே மூச்சில் அறிக்கையிடுகின்றான். ஐயத்தை ஒழித்துவிட்டு வருக என்று அவனை மீளவிட்டாரல்லர். மகன் நலம் பெறுகின்றான். ‘போதவில்லை’ என்று அளந்து கூறுவோர் இப்பகுதியை எங்ஙனம் படிக்கின்றனர் என்பது எமக்கு விளங்கவில்லை.

கொங்குநாட்டார்க்கு இத்தகைய வரலாறுகள் புதியனவல்ல. திருச்செங்கோட்டில் அடியவரை வருத்திய குளிர்சுரம் ஞானசம்பந்தர் திருப்பதிகத்தால் நீங்கியதென்பதும், அவிநாசியில் முதலை உண்ட சிறுவனைச் சுந்தரர் பாடி மீட்டாரென்பதும் பெரியபுராண மரபு வழிவந்தவை. அண்டை வீட்டுச் சைவர் இவற்றைப் போற்றக் கேட்டு வளரும் கிறித்துவன், ‘எம் அற்புதம் மெய், நும் அற்புதம் கதை’ என்று கூறுமுன் சற்றே தயங்குவான். அத்தயக்கம் நேர்மையின்பாற்பட்டது.

ஐயத்தை முறையாகவே கையாளும் வழக்கம் கத்தோலிக்கத் திருச்சபையில் உண்டு. பின்னர்ப் பதினான்காம் பெனடிக்ட் என்னும் பெயரில் திருத்தந்தையான லம்பெர்த்தினி, பதினெட்டாம் நூற்றாண்டில் அதற்கு விதிகள் வகுத்தார்: நோய் கடியதாதல் வேண்டும்; மருந்தால் தீர்ந்ததாகலாகாது; விரைவாகவும் முழுமையாகவும் தீர்ந்து மீளாதிருத்தல் வேண்டும். பிரான்சு நாட்டு லூர்து நகரில் 1883 முதல் மருத்துவரே இத்தகைய செய்திகளை ஆராய்கின்றனர். பல்லாயிரவர் நலம் பெற்றதாகக் கூறினும் திருச்சபை அற்புதமென ஏற்றவை எழுபதை ஒட்டியனவே. தமிழ்மண்ணிலும் சான்று உண்டு. 1752-இல் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15-இல் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது. அதன் பொருட்டு ஏற்கப்பட்ட அற்புதம், இறந்ததென மருத்துவர் கருதிய கருக்குழவி ஒன்று உயிர்த்துடிப்புற்றமை. அதனையும் முதற்கண் மருத்துவரும், பின்னர் இறையியலாரும் ஆராய்ந்தே 2020-இல் ஏற்றனர்.

1678-இல் வெளிவந்த பயணநூலில் ஜான் பனியன் ஐயத்தை ஒரு கோட்டையாக உருவகித்தார். (திருப்பூர் மாணாக்கர் இப்பெயரைக் கேட்டு நகைப்பது இயல்பு.) அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தந்தார். பனியனின் கதையில் வழிதவறியோரே அக்கோட்டையில் அகப்படுகின்றனர். அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவரைச் சிறையிடுகின்றான். மாற்கு காட்டும் தந்தையோ வழிதவறியவனல்லன். ஐயத்தோடே வழியில் நிற்பவன். உருவகத்தின் அழகு கருதி இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது. எனினும், சிறையைத் திறக்கும் திறவுகோல் சிறைப்பட்டவன் மடியிலேயே இருந்தது என்று பனியன் முடிப்பது எண்ணத்தக்கது.

இனி, நோய் நீங்காதவரைப் பற்றி. தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று பவுலடிகள் கொரிந்தியருக்கு எழுதுகின்றார். அவர் பெயரால் வழங்கும் திருமுகங்களில், வயிற்று நோய்க்காகச் சிறிது திராட்சரசம் அருந்துமாறு திமொத்தேயுவுக்கு அறிவுரை உண்டு. துரோப்பிமு என்னும் உடனூழியரை நோயுற்றவராகவே மிலேத்து நகரில் விட்டு வந்த செய்தியும் உண்டு. விசுவாசம் போதாதவர் என்னும் பழி இம்மூவருள் எவர்மீதும் அங்குச் சுமத்தப்படவில்லை.