வெட்டாமல் காட்டும் வெளிச்சம்

உள்ளே இருப்பதைப் பார்க்கக் கத்தியை எடு என்பது பழைய பாடம். உயிரைக் கொன்று, உடலைச் சீவி, சீவலைச் சாயத்தில் தோய்த்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்கள். கண்டது உயிரையா? உயிர் விட்டுச் சென்ற தடத்தை!

வெட்டாமல் காண முடியாதா என்ற வேட்கை எழுந்தது. மங்கலான ஒளியை ஊசித்துளையால் வடிகட்டும் நுண்ணோக்கிக்கு 1957இல் காப்புரிமை கோரினார் அமெரிக்காவின் மார்வின் மின்ஸ்கி. அவ்வழியில் வந்த கருவிகள் தெளிவைத் தந்தன, தொல்லையும் தந்தன. ஓர் அடுக்கைப் படமெடுக்க, மற்ற அடுக்குகளும் ஒளியில் குளித்தாக வேண்டும். நூறு அடுக்கென்றால் நூறு முறை! ஒளிரும் சாயம் வெளுத்தது, உயிரணு வாடியது.

தோழா! ஓட்டுக் கூரையின் இடுக்கில் நுழையும் வெயில் கீற்றைப் பார்த்திருப்பாய். இருட்டறையில், அந்தக் கீற்றில் மட்டும் தூசி பொன்னாய் மின்னும். பக்கத்திலிருந்து பார்ப்பதால் அல்லவா அந்த மினுக்கம்? இதே முறையில், பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, கண்ணாடிக்குள் புதைந்த பொன் துகள்களை 1903இல் உலகுக்குக் காட்டினர் ஜெர்மனியின் ஆய்வாளர்கள் சீடன்டோஃபும் ஷிக்மோண்டியும்.

நூறாண்டு கடந்தது. 2004இல் ஹைடல்பெர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் யான் ஹூஸ்கென், எர்ன்ஸ்ட் ஸ்டெல்சர் குழுவினர் அந்த வழியை உயிருள்ள மீன் கருவுக்குள் கொண்டு சென்றனர். லேசர் ஒளியைத் தாள்போல் தட்டையாக்கிப் பக்கவாட்டில் பாய்ச்சினர். அதற்குச் செங்குத்தாக நின்ற வில்லை படம் பிடித்தது. பார்க்கும் அடுக்கில் மட்டுமே ஒளி. மற்ற அடுக்குகளுக்கு ஓய்வு! கருவை மெல்ல நகர்த்தி எடுத்த படங்களைக் கணிப்பொறி அடுக்கியது. நீளம், அகலம், ஆழம் மூன்றோடும் முழு உருவம் எழுந்தது.

2008இல் அதே ஆய்வகத்தில், ஜீப்ரா மீனின் கரு முதல் 24 மணி நேரம் வளர்ந்த கதையைப் படமாக்கினர். உயிரணுக்கள் பிரிந்ததும், இடம் பெயர்ந்ததும், உறுப்பாகத் திரண்டதும் கண்முன் விரிந்தன. கரு சாகவில்லை, வளர்ந்தது!

சரி, இந்தக் கருவி யாருக்கு? பணப்பெட்டி கனத்த கூடங்களுக்கு மட்டுமா? இல்லை என்றனர் டிரெஸ்டன் நகர மாக்ஸ் பிளாங்க் நிலைய ஆய்வாளர்களும் அவர்தம் கூட்டாளிகளும். 2013இல் ‘ஓப்பன்ஸ்பிம்’ என்ற பெயரில் கருவியின் வரைபடம், உறுப்புகளின் பட்டியல், இயக்கும் மென்பொருள் அனைத்தையும் பொதுவில் வைத்தனர். விரும்புவோர் கட்டிக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம்!

அளவோடு பாய்ந்த ஒளி உயிரைக் காத்தது. அந்த ஒளியை உண்டாக்கும் அறிவுக்கோ அளவு வேண்டாம், அணையும் வேண்டாம். பூட்டி வைத்த அறிவு ஒருவனுக்கு உடைமை. திறந்து வைத்த அறிவு ஊருக்கே விளக்கு!