வேலையைக் கொடுங்க, சாவியைக் கொடுக்காதீங்க!



‘இணையதள சர்வரை நாமே பராமரிப்பதே சிறந்தது’ என்று ஓர் அணி. ‘தெரிந்தவர்களிடம் ஒப்படைப்பதே சிறந்தது’ என்று இன்னோர் அணி. ரெண்டு பக்கமும் வெளுத்து வாங்கிட்டாங்க. முன் வரிசையில ஒரு பாட்டி பேரனைப் பார்த்து, “சர்வர்னா சாம்பார் ஊத்துறவர்தானேடா?”ன்னு கேட்டாங்க. (சிரிப்பு) பாட்டி கேட்டதுல தப்பே இல்லீங்க. கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறவர் சர்வர். நீங்க ஒரு தளத்தைக் கேட்டா, எங்கேயோ இரவு பகலா ஓடுற ஒரு கணினி அதை எடுத்துக் கொடுக்குது. அதுவும் சர்வர்தான்.

1990-ல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வெப் சர்வரை ஓடவிட்டார். யாராவது சுவிட்சை அணைச்சுட்டா என்ன பண்றது? ‘இது சர்வர், அணைக்காதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதி அந்தக் கணினி மேலேயே ஒட்டி வைத்தார். அன்றைக்குப் பராமரிப்பு அவ்வளவுதான்!

இன்றைக்கு அப்படியா? ஒரே கணினியில் பல தளங்கள் இருந்தால் அது ஒண்டுக்குடித்தனம். பக்கத்து வீட்டுக்காரர் குழாயைத் திறந்தா நம்ம குழாயில காத்துதான் வரும். முழுக் கணினியும் நமக்கு மட்டும் என்றால் தனி வீடு. அதுதான் டெடிகேட்டட் சர்வர். பெரும்பாலும் வாடகைக்குத்தான் கிடைக்கும். மின்சாரமும் இணைப்பும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனா உள்ளே பூட்டு மாற்றுவது, ஓட்டை அடைப்பது, வட்டு நிரம்பாமல் பார்ப்பது, நகல் எடுப்பது? இதை நாமே செய்வதா, மாதச் சம்பளம் மாதிரி கொடுத்து இன்னொருவரைச் செய்யச் சொல்வதா? இதுதான் இன்றைய வழக்கு.

முதல் அணி சொன்னாங்க: “நம்ம வீடு, நம்ம கையில. செலவு குறைவு.” ஆதாரம் இருக்கு. 37சிக்னல்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், 2022-ல் மட்டும் வெளியார் கிளவுட் சேவைக்கு 32 லட்சம் டாலர் கட்டியது. போதும்டா சாமின்னு சொந்தமா சர்வர் வாங்கி, 2023-ல் தன் மென்பொருள்களை அதற்கு மாற்றிக்கொண்டது. செலவு பெரிதும் குறைந்தது. ஆனா ஒன்றை முதல் அணி சொல்லாம விட்டுட்டாங்க. அவர்களிடம் தேர்ந்த பொறியாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். நம்ம கிட்ட யார் இருக்கா? மச்சினன் பையன்! அவனுக்கும் நாளைக்குப் பரீட்சை. (கைதட்டல்)

இரண்டாவது அணி கேட்டாங்க: “ராத்திரி 2 மணிக்குக் கெட்டுப்போனா யார் எழுந்திரிப்பா?” நியாயமான கேள்வி. 2014 ஏப்ரல் 7-ஆம் தேதி ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. உலகம் முழுவதும் சர்வர்கள் பயன்படுத்திய பாதுகாப்பு மென்பொருளிலேயே அந்த ஓட்டை. மருந்தும் அன்றைக்கே வந்துவிட்டது. ஆனா மருந்து வந்தா போதுமா? குடிக்கணுமே! கவனித்து உடனே போட்டவன் பிழைத்தான். ‘ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்’னு விட்டவன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

சரி, ஒப்படைத்துவிட்டால் நிம்மதியா? 2021 மார்ச் 10. பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரம். ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி சர்வர் கட்டடம் நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்து எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. லட்சக்கணக்கான தளங்கள் நின்றுபோயின. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். வைக்காத பலருக்குப் பல வருஷ உழைப்பு சாம்பல். ‘அவங்க பார்த்துப்பாங்க’ன்னு இருந்தவங்கதாங்க அவங்க!

தெரிந்தவர்கள் கையில் இருந்தாலும் தப்பு நடக்கும். 2017 ஜனவரி 31, கிட்லேப் நிறுவனம். இரவில் களைத்துப்போன ஒரு பொறியாளர், இரண்டு சர்வர்களில் எதில் இருக்கிறோம் என்று குழம்பி, உயிரோடு ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். சில விநாடிகளில் ஏறக்குறைய 300 ஜிபி காலி. மீட்பதற்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள். ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. ஐந்து குடை வைத்திருந்தும் மழை வந்தபிறகுதான் விரித்துப் பார்த்திருக்கிறார்கள்!

கல்யாணத்துக்குச் சமையலை காண்ட்ராக்ட் விடுகிறோம். பாயசத்தில் உப்பு விழுந்தா சம்பந்தி யாரைத் திட்டுவார்? சமையல்காரரையா? பெண்ணைப் பெத்தவரைத்தான்! வேலையைக் கைமாற்றலாம், பொறுப்பைக் கைமாற்ற முடியாது.

ஆகவே தீர்ப்பு இதுதான். இரவில் எழுந்து பார்க்கத் தேர்ந்த ஆள் இருந்தால், தாராளமாக நீங்களே பாருங்கள். இல்லையென்றால் ஒப்படையுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் எந்த வழியில் போனாலும் மூன்று சாவிகள் உங்கள் இடுப்பில்தான் இருக்க வேண்டும். ஒன்று, தளத்தின் பெயர் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கணும். இரண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு நகல், வேறு ஊரில், உங்களுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கணும். மூன்று, அந்த நகல் உயிரோடு எழுந்திரிக்குமா என்று அவ்வப்போது எழுப்பிப் பார்க்கணும்.

நம்பி ஒப்படைக்கிறவர்களுக்கே நான் வெற்றி என்று சொல்வேன். ஆனா நம்பிட்டுத் தூங்கிப் போறவங்களுக்கு இல்லீங்க! (கைதட்டல்)