கங்காணியும் கணக்கும்: தொழில் திட்டங்களைக் கண்காணித்தல்

மலாக்காத் தோட்டங்களில் வழங்கிய ‘கங்காணி’ என்னும் சொல் ‘கண்காணி’ என்பதன் திரிபு. விடியற்காலைப் பிரட்டில் ஆள் எண்ணி, வேலை பிரித்துக் கொடுத்து, நாள் முழுதும் நிரைகளைச் சுற்றி வருவது அவர் பொறுப்பு. வேலைக்கு வந்த ஆள்களின் தொகைக்கேற்ப அவருக்குத் தலைக்காசும் கிடைத்தது. ஆதலின் அவர் கண் மரங்களைவிடத் தலைகளின் மீதே மிகுதியாக நின்றிருந்தால் அதில் வியப்பில்லை. இன்றைய நிறுவனங்களிலும் எந்த எண்ணுக்கு ஊக்கத்தொகை உண்டோ, அந்த எண்ணே அறிக்கையில் பருத்துத் தோன்றுகிறது.

தெங்கேராவில் ஒரு கடை கட்டுவதற்கு 12 மாதமும் 60,000 ரிங்கிட்டும் ஒதுக்கியதாகக் கொள்வோம். ஆறாம் மாத இறுதியில் 30,000 செலவாகியுள்ளது. பாதிக் காலம், பாதிப் பணம்; எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் முடிந்த வேலை மூன்றில் ஒரு பங்குதான் எனில், அதன் திட்டமதிப்பு 20,000 மட்டுமே. இதே போக்கு நீடித்தால் கடை முடிய 18 மாதமும் 90,000 ரிங்கிட்டும் ஆகும். செலவேட்டை மட்டும் புரட்டுபவர்க்கு இது புலப்படாது.

வருவாயே இல்லாத காலத்தில் எதை அளப்பது? 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். ரப்பர் மரம் பால் வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். அதுவரை நிறுக்கப் பால் இல்லை; செலவு மட்டும் உண்டு. இக்காலத்தில் அளக்கத்தக்கது அடிமரத்தின் சுற்றளவு. அது ஏறத்தாழ 50 சென்டிமீட்டரை எட்டிய பின்னரே மரத்தை வெட்டுக்குத் திறப்பது பிற்காலத் தோட்டங்களில் வழக்கமாயிற்று. ஆண்டுதோறும் சுற்றளவைக் குறித்து வருபவர், வருவாய் எப்போது தொடங்கும் என்பதை முன்கூட்டியே அறிகிறார்.

வெட்டுத் தொடங்கியபின் நிலைமை மாறுகிறது. பாலின் எடை நாள்தோறும் ஏட்டில் ஏறுகிறது. தண்ணீர் கலந்தாலும் எடை கூடுமாதலால் உலர்ந்த ரப்பரின் அளவையும் கணக்கிடுகின்றனர். அதுவும் போதாது. மரத்தின் முதல், அதன் பட்டை. உளி ஆழ்ந்து பட்டைக்கடியிலுள்ள வளர்படலத்தைக் காயப்படுத்தினால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து மறுவெட்டுக்கு உதவாது. தடித்துச் சீவினால் பட்டை விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே ஒரு மாதத்திற்கு எவ்வளவு பட்டை செலவாகலாம் என்று மரத்திலேயே குறியிடும் முறை தோன்றியது. எடை ஏடு கொட்டகையில் இருக்கும். இக்குறியைக் காண மரத்தடிக்குத்தான் செல்ல வேண்டும்.

பால் பெருகத் தூண்டுமருந்து பூசும்போது இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. அளவு மீறிப் பூசி அடிக்கடி வெட்டினால் சில காலம் ஏட்டில் எடை உயரும். பின்னர் வெட்டுக்கோட்டில் ஓரிடம் பால் கசியாமல் உலர்ந்து நிற்கும். நிரைதோறும் அவ்வுலர்ந்த மரங்களை எண்ணி, வெட்டை நிறுத்தி, அவற்றை ஓய்வில் விடுவர்.