மலைப்பாம்புக் குட்டி வளரும் வேகம்

நம் சங்க அன்பர் ஒருவரின் மகன், கைப்பேசியில் விற்பனைக்கு வந்த மலைப்பாம்புக் குட்டியின் படத்தைக் காட்டி, "ஓரடிதானே இருக்கிறது, வீட்டில் வளர்த்தால் என்ன?" என்று கேட்டானாம். மட்டாஞ்சேரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் குடியிருக்கும் நமக்கு, இது சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று.

முதலில் நம் நாட்டு மலைப்பாம்பை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தார் இதனைப் பெரும்பாம்பு என்பர். முட்டையினின்று வெளிப்படும்போது இது 40 முதல் 60 செ.மீ. நீளமிருக்கும், முழு வளர்ச்சியில் பத்தடி என்பது சாதாரணம். நம் பிள்ளைகளைப் போல வயதுக்கு இத்தனை அங்குலம் என்று இதன் வளர்ச்சியைக் கணக்கிட இயலாது. தீனியும் வெப்பமுமே வேகத்தை நிர்ணயிக்கின்றன. இதன் நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பு, தாராளமாக இரை கிடைப்பின் ஓராண்டுக்குள் ஆறடியைத் தாண்டுவதும் உண்டு.

இரை விழுங்கியபின் அவ்வுடலுக்குள் நிகழ்வது பெரும் வியப்பு. பர்மிய மலைப்பாம்பின் இதயம் இரண்டே நாட்களில் சுமார் 40 விழுக்காடு பருத்துவிடுவதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குடலும் கல்லீரலும் அவ்வாறே பெருத்து, சீரணம் முடிந்ததும் சுருங்குகின்றன. உண்ட பாம்பை இரண்டு நாட்களேனும் தொடலாகாது என்று வளர்ப்போர் கூறுவது இதனாலேயே. தொந்தரவுற்றால் விழுங்கியதைக் கக்கிவிடும். குட்டிக்கு அது பெருங்கேடு.

வெப்பத்தின் தேவையோ முட்டையிலேயே தொடங்குகிறது. தாய்ப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தன் தசைகளை நடுங்கச் செய்து சூடேற்றும். 2022-இல் காசர்கோட்டில் தேசிய நெடுஞ்சாலை வேலை நடந்த இடத்தில் 24 முட்டைகளுடன் ஒரு மலைப்பாம்பு காணப்பட்டபோது, ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தார் அவ்விடத்துப் பணியை 54 நாட்கள் நிறுத்திவைத்தனர். பாராட்டத்தக்க பொறுமை!

ஆனால் இப்பாம்பை வீட்டில் வளர்க்க எவருக்கும் உரிமையில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இது முதல் அட்டவணையைச் சேர்ந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மூன்று முதல் ஏழாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பிழைப்புக்கு வந்த ஊரில் வழக்கு என்றால் என்னவென்று நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

பையன் காட்டிய படம் ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. அச்சம் வந்தால் பந்துபோல் சுருளுவதால் இப்பெயர். இது மெல்லவே வளர்ந்து மூன்று முதல் ஐந்தடியில் நின்றுவிடும். கூண்டின் ஒருபுறம் 31 அல்லது 32 பாகை வெப்பமும், மறுபுறம் 26 பாகையளவும், ஒளிந்துகொள்ள மறைவிடமும், எந்நேரமும் நீரும் வேண்டும். குட்டிக்கு வாரம் ஓர் எலி, அதன் உடற்பருமனுக்கு மிகாததாக. சில சமயம் மாதக்கணக்கில் உண்ண மறுக்கும். அதனைக் கண்டு இல்லத்தரசியர் கலங்குவதில் பயனில்லை.

இதற்கும் சட்டம் உண்டு. 2024-இல் வந்த விதிகளின்படி, இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையத்தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவர் அதற்குரிய ஆவணம் காட்டாவிடின் ஐயுறுக. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையம் வந்த ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன.

ஆயுளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 1961 முதல் இருந்துவந்த ஒரு பந்து மலைப்பாம்பு, 2020-இல், அறுபதைத் தாண்டிய வயதில், ஏழு முட்டைகள் இட்டது. ரயில்வேயில் நமக்கு அறுபதில் ஓய்வு கொடுத்துவிடுகின்றனர்! மாற்றலோ, ஊர் திரும்புதலோ நேர்ந்தால் அதனை யார் ஏற்பார்? அலுத்துப்போய்க் காட்டில் விடுவதோ கொடுமை. புளோரிடாவின் சதுப்புநிலத்தில், வளர்ப்போரிடமிருந்து வெளியேறிய பர்மியப் பாம்புகள் பல்கிப் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளை ஏறக்குறைய அழித்தேவிட்டன. ஆகவே அப்பையனுக்கு வேண்டாமென்று கூறுவதே என் கருத்து. வளர்க்கும் ஆசைக்கு மீன்தொட்டி போதும்.

இன்னுமொன்று. மழைக்காலத்தில் ஓடையருகே புள்ளிகளுடன் குட்டிப்பாம்பு தென்பட்டால், அதனை மலைப்பாம்பென்று நம்பிக் கையிலெடுக்காதீர்கள். கொடிய நஞ்சுடைய கண்ணாடி விரியனும், அதாவது மலையாளத்தாரின் அணலியும், ஏறத்தாழ அதே தோற்றமுடையது. இரண்டையும் மயங்கிக் கடியுண்டோர் உளர். கேரள வனத்துறையின் 'சர்ப்ப' என்னும் கைப்பேசிச் செயலி வழியாகப் பயிற்சி பெற்றவரை அழைக்கலாம். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, ஒருவர் மட்டும் தள்ளி நின்று பாம்பின்மேல் கண் வைத்திருந்தால், வருபவர்க்குத் தேடும் வேலை மிச்சமாகும்.