கட்டியின் இனமும் மருந்தின் பயனும்

மார்பகப் புற்றுநோய் என ஒரே பெயரால் வழங்கினும், அது ஒரே நோயன்று. நுண்பெருக்கியால் நோக்குங்கால் அதன் உயிரணுக்கள் பல்வேறு உருவில் தோன்றுகின்றன. பெரும்பாலானவை பொதுவகையைச் சேர்ந்தவை. சில மிக அரியவை.

கட்டி பெரிதாயின், அறுவைக்கு முன்னரே இரசாயன மருந்தளித்து அதனைச் சுருக்குவது இன்றைய முறைகளுள் ஒன்று. அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் 1,523 பெண்கள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரே மருந்துகள் ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன்னும், மற்றவர்க்குப் பின்னும் அளிக்கப்பட்டன. ஆயுள் இரு பிரிவிலும் ஒத்தே இருந்தது. எனினும் முன்னரே மருந்து பெற்றோருள் மார்பகத்தை இழவாது தப்பியோர் மிகுதி.

ஆனால் எல்லா இனங்களும் மருந்துக்கு ஒருபடியாக இணங்குவதில்லை. மியூசினஸ் என்னும் இனம் நூற்றுக்கு ஏறத்தாழ 2 அளவினதே. இதில் உயிரணுக்கள் சளி போன்ற பொருளின் நடுவே மிதக்கின்றன. பெரும்பாலும் முதியோர்க்கு வரும் இது மெல்ல வளர்வது. இரசாயன மருந்துகளோ விரைந்து பெருகும் உயிரணுக்களையே மிகுதியும் தாக்குவன. ஆதலின் இக்கட்டி அதிகம் சுருங்குவதில்லை, அதனால் அஞ்சவேண்டியதுமில்லை. ஹார்மோன் சிகிச்சை பெரும்பாலோர்க்குப் பயனளிக்கும்.

மெட்டாபிளாஸ்டிக் இனம் நூற்றுக்கு 1-க்கும் குறைவு. இதன் உயிரணுக்களுட் சில எலும்பு, குருத்தெலும்பு போன்றனவாக உருமாறியிருக்கும். இது விரைந்து வளரினும் மருந்துக்கு எளிதில் இணங்காது. சிகிச்சையின்போதே பெருகுவதும் உண்டு. எனவே, அகற்றக்கூடிய நிலையில் இருப்பின் அறுவையை முதலிற் செய்வதே பலகாலும் உசிதமாகும்.

அழற்சிவகைப் புற்றுநோயில் முறை நேர்மாறானது. இதில் கட்டி தென்படாமலே மார்பு சிவந்து வீங்கி, தோல் ஆரஞ்சுப் பழத் தோலைப்போல் புள்ளியிடும். மருந்து முதலிலும், அறுவை அடுத்தும், கதிர்வீச்சு இறுதியிலும் வரவேண்டும். இதனைப் பால்கட்டு எனவோ சீழ்க்கட்டு எனவோ கருதி நாட்கடத்துவது ஆபத்தாகும். சீழ்க்கட்டுக்குரிய மருந்துண்டும் ஓரிரு வாரத்தில் தணியாத சிவப்பு எதுவாயினும், மருத்துவமனைக்கு உடனே அனுப்புதல் வேண்டும்.

ஆகவே, ஊசியால் சிறு துணுக்கெடுத்துச் சோதித்து, இனத்தை அறிந்த பின்னரே சிகிச்சையின் வரிசை வகுக்கப்படும். ஊசி பட்டால் நோய் பரவும் என்னும் அச்சம் ஊர்களில் நிலவுகிறது. அது ஆதாரமற்றது. அவ்வச்சத்தால் சோதனைக்கு வராதிருப்பதே உயிருக்குக் கேடு. இதனை மாதர்க்கு எடுத்துரைத்தல் களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமையாகும்.