ரொட்டி இயந்திரம்

ரொட்டி இயந்திரம் என்பது மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் முதலியவற்றை ஒரே கலத்தில் பிசைந்து, புளிக்க வைத்து, சுட்டுத் தரும் வீட்டு மின்கருவி ஆகும். இங்கு ரொட்டி எனப்படுவது சப்பாத்தி போன்ற தட்டை ரொட்டி அன்று. வெதுப்பகங்களில் விற்கப்படும், உப்பிய, மென்மையான ரொட்டி ஆகும். இலங்கையில் இதனைப் பாண் என்பர்.

அமைப்பு

இயந்திரத்தின் நடுவில், ஒட்டாத பூச்சு கொண்ட, கழற்றி எடுக்கக்கூடிய உலோகக் கலம் உள்ளது. அதன் அடியிலுள்ள அச்சில் ஒரு சிறு துடுப்பு பொருத்தப்பட்டிருக்கும். மின்னோடி (மோட்டார்) ஒன்று இத்துடுப்பைச் சுழற்றுகிறது. கலத்தைச் சுற்றி வெப்பமூட்டும் கம்பி அமைந்துள்ளது. வெப்ப உணரி வெப்பநிலையை அளக்க, நுண்கட்டுப்படுத்தி ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் வெப்பத்தையும் நெறிப்படுத்துகிறது.

செயல்படும் முறை

வழக்கமான ரொட்டி ஒன்று உருவாக 3 முதல் 4 மணி நேரம் ஆகும். இது மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது.

1. பிசைதல்: துடுப்பு சுழன்று மாவையும் நீரையும் கலக்கிறது. கோதுமை மாவிலுள்ள புரதங்கள் நீருடன் சேர்ந்து குளூட்டென் என்னும் மீள்தன்மையுடைய வலைப்பின்னலாக மாறுகின்றன.

2. புளித்தல்: கலம் இளஞ்சூட்டில் வைக்கப்படுகிறது. ஈஸ்ட் சர்க்கரையை உண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. குளூட்டென் வலை இவ்வளிமத்தைப் பிடித்து வைப்பதால் மாவு உப்புகிறது. இடையில் துடுப்பு சில முறை சுழன்று பெரிய குமிழ்களை உடைக்கும். பின்னர் மாவு மீண்டும் உப்ப விடப்படும்.

3. சுடுதல்: வெப்பம் உயரும்போது ஈஸ்ட் இறந்துவிடுகிறது, மாவு இறுகி நிலையான வடிவம் பெறுகிறது. இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்.

வரலாறு

வீட்டு ரொட்டி இயந்திரத்தை 1987 ஆம் ஆண்டு சப்பானின் மட்சுசிட்டா மின் நிறுவனம் (2008 முதல் பானாசோனிக்) அறிமுகப்படுத்தியது. தொடக்கச் சோதனைகளில் ரொட்டியின் மேற்புறம் கருகியது, உட்புறமோ வேகவில்லை. நிறுவனத்தின் மென்பொருள் உருவாக்குநரான இக்குகோ தனாகா, ஒசாகா இன்டர்நேசனல் ஓட்டலின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் பயிற்சி பெற்றார். அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்பதைத் தனாகா கண்டறிந்தார். இதன் அடிப்படையில் கலத்தின் உட்சுவரில் புடைப்புகள் அமைக்கப்பட்டன. மாவு அளவுக்கு மீறிப் புளிப்பதைத் தவிர்க்க, ஈஸ்டைப் பிந்திய கட்டத்தில் சேர்க்கும் முறையும் கையாளப்பட்டது.

இக்குசிரோ நொனாகா, இரொத்தாகா தக்கெயுச்சி ஆகியோர் 1995 இல் வெளியிட்ட மேலாண்மை நூலில், கைத்திறனில் மறைந்துள்ள அறிவை வெளிப்படையான அறிவாக மாற்றியதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறினர். இதனை 2007 இல் ரொட்ரிகோ ரிபெய்ரோ, ஆரி காலின்சு ஆகியோர் மறுத்தனர். கலைஞரின் அறிவு இயந்திரத்துக்குள் செல்லவில்லை என்றும், இயந்திரத்தைச் சுற்றியுள்ள மனிதர்களே அதன் குறையை ஈடுசெய்கின்றனர் என்றும் அவர்கள் வாதிட்டனர்.

அளவுகளின் இன்றியமையாமை

இவ்வாதத்தின் பொருளை அன்றாடப் பயன்பாட்டிலேயே காணலாம். கையால் பிசைபவர் மாவு இறுகினால் நீர் தெளிப்பார். குளிர்காலத்தில் கூடுதல் நேரம் புளிக்க விடுவார். இயந்திரம் பொதுவாக நேரத்தையும் வெப்பநிலையையும் மட்டுமே அறியும். மாவின் பதத்தை அறியாது. எனவே பொருட்களைத் துல்லியமாக அளப்பது பயனரின் பொறுப்பாகிறது. நீர் மிகுந்தால் ரொட்டியின் மேற்பகுதி அமுங்கும். குறைந்தால் ரொட்டி கட்டியாகும். உப்பு ஈஸ்டின் வேகத்தை மட்டுப்படுத்துவதால், அது விடுபட்டால் மாவு மிகையாக உப்பிப் பின் சரியும். பிசையத் தொடங்கிய சில நிமிடங்களில் மூடியைத் திறந்து, மாவு வழவழப்பான உருண்டையாகத் திரண்டுள்ளதா எனப் பார்ப்பது நல்லது.

நேரம் குறித்து இரவில் இயங்க விடும்போது, ஈஸ்ட் நீரைத் தொடாதவாறு மாவின் மேல் இடப்படுகிறது. பால், முட்டை போன்ற கெடக்கூடிய பொருட்களை அவ்வேளையில் தவிர்த்தல் வேண்டும்.

குறைகள்

துடுப்பு இருந்த இடத்தில் ரொட்டியின் அடியில் குழி விழும். கலத்தின் வடிவமே ரொட்டியின் வடிவமாக அமையும். வேறு வடிவம் விரும்புவோர் இயந்திரத்தில் மாவைப் பிசைந்து புளிக்க வைத்தபின், கையால் வடிவமைத்து அடுப்பில் சுடுகின்றனர்.